உள்ளிருந்து சரிந்த மந்திரிசபைகள்

பள்ளத்தாக்கின் கதை: பகுதி 17

உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே, தேனியிலிருந்து குமுளி போகும் சாலையில் இருக்கிறது அனுமந்தன்பட்டி. ஊருக்கு மேற்கே எழும் மலையின் முகடுதான் தமிழ்நாட்டின் எல்லை. முகட்டைத் தாண்டினால் ஏலக்காடு, இன்னும் வடக்கே போனால் தேயிலை. காலையில் ஜீப்பில் ஏறிக் கம்பம்மெட்டு வழியாகத் தோட்ட வேலைக்குப் போய்ச் சாயங்காலம் வீடு திரும்புகிறவர்கள் இந்தப் பள்ளத்தாக்கின் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களுக்கு மலை அயல் மாநிலம் அல்ல. வேலை செய்யும் இடம்.

இந்த எல்லை நகரக்கூடும் என்ற நிலை ஒரு காலத்தில் இருந்தது. மொழிவழி மாநிலங்களுக்கான பேச்சு நாடெங்கும் சூடு பிடித்திருந்த 1953 முதல் 1956 வரையிலான காலம் அது. முகட்டுக்கு அப்பால் இருக்கும் தேவிகுளமும் பீர்மேடும் சென்னை மாநிலத்தோடு சேருமா, திருவிதாங்கூர்–கொச்சியிலேயே இருக்குமா என்பது தீராத கேள்வியாக நின்றது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய தலைநகரங்களில் ஒன்றான திருவனந்தபுரத்தில் 1953 செப்டம்பர் தொடங்கி 1956 மார்ச் வரை, இரண்டரை ஆண்டுக்குள், மூன்று மந்திரிசபைகள் விழுந்தன. முதலாவதைத் தோழமைக் கட்சி கவிழ்த்தது. இரண்டாவது, ஆளும் கட்சி தனக்குள் இரண்டுபட்டு நின்ற வேளையில் விழுந்தது. மூன்றாவதை அதன் சொந்தக் கட்சிக்காரர்களே முடித்து வைத்தார்கள்.

முல்லைப் பெரியாறு பிரச்சினை தலைதூக்கும்போதெல்லாம் நம் ஊர்களில் தேவிகுளம், பீர்மேடு பேச்சு வருகிறது. 2011 டிசம்பரில் பள்ளத்தாக்கின் மக்கள் திரண்டு குமுளியை நோக்கி நடந்தபோதும் அந்த வட்டங்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்ற முழக்கம் எழுந்தது. அணை இருப்பது பீர்மேடு வட்டத்தில். 1886ஆம் ஆண்டு 999 ஆண்டுகளுக்குக் குத்தகை எழுதிக் கட்டிய அணை அது. பேச்சு வந்தால் உடனே ஒரு தலைவரின் பெயரைச் சொல்லி, அவர் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று முடித்துவிடுகிறோம். ஒருவர் மீது பழி போடுவது எளிது. ஆனால் அன்று திருவனந்தபுரத்துச் சட்டமன்றத்தில் நடந்ததைப் பார்க்காமல் இந்தக் கதை முழுமை பெறாது. அங்கே எந்த மந்திரிசபையும் நிலைத்து நின்று இந்த மக்களோடு பேசவில்லை. ஏன் நிற்க முடியவில்லை என்பதுதான் இந்தப் பகுதியின் விஷயம்.

கதை 1948இலேயே தொடங்குகிறது. அந்த ஆண்டு திருவிதாங்கூரில் வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த தேர்தலில் 120 இடங்களில் 97ஐ ஸ்டேட் காங்கிரஸ் பிடித்தது. பட்டம் தாணு பிள்ளை பிரதம மந்திரியானார். இவ்வளவு பெரிய பெரும்பான்மை உள்ள அரசை யார் அசைக்க முடியும்? எதிர்க்கட்சியால் முடியவில்லை. சொந்தக் கட்சிக்காரர்கள் அசைத்தார்கள். ஏழே மாதத்தில், அக்டோபரில், கட்சிக்குள் எழுந்த எதிர்ப்பால் பட்டம் பதவி விலகினார். பறவூர் டி.கே. நாராயண பிள்ளை அந்த இடத்துக்கு வந்தார். பட்டம் காங்கிரஸை விட்டு சோஷலிஸ்டுகளோடு சேர்ந்தார். எண்ணிக்கை அரசைக் காப்பாற்றாது என்று அன்றே தெரிந்துவிட்டது. 97 பேர் இருந்த கட்சிக்கே இந்தக் கதியென்றால், பாதிகூட இல்லாத கட்சிகள் ஒன்றை ஒன்று தாங்கி நடத்தும் அரசுக்கு என்ன ஆகும்? அதைத்தான் அடுத்த எட்டு ஆண்டுகள் காட்டின.

1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. 1952இல் முதல் பொதுத் தேர்தல். 108 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 44. ஏ.ஜே. ஜான் முதலமைச்சரானார். அவருக்கு ஆதரவு தேவைப்பட்டது. அதைத் தந்தது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். நாஞ்சில் நாட்டில் பிறந்த கட்சி அது. 'மார்ஷல்' என்று மக்கள் அழைத்த வழக்கறிஞர் ஏ. நேசமணி அதன் முகம். அந்தக் கட்சியிடம் இருந்தவை 8 இடங்கள்தான். அதன் கோரிக்கை ஒன்றே ஒன்று: தமிழர் பகுதிகளைப் பிரித்துச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும். அந்தக் கட்சியின் சிதம்பரநாதன் அமைச்சரவையில் இடம் பெற்றார்.

இந்தக் கூட்டில் ஒரு முரண் ஆரம்பத்திலேயே இருந்தது. மாநிலத்திலிருந்து பிரிந்து போக விரும்பும் கட்சியை வைத்துக்கொண்டு அந்த மாநிலத்தையே ஆள்வது எப்படி? ஜான் இந்தக் கோரிக்கைக்கு இணங்கினால் மலையாளப் பகுதிக் காங்கிரஸார் அவரை விட மாட்டார்கள். இணங்காவிட்டால் தமிழர் கட்சி விட்டுப் போய்விடும். இணங்கவில்லை, விட்டுப் போனது. 1953 செப்டம்பரில் ஆதரவு விலகி, மந்திரிசபை நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் தோற்றது. சட்டமன்றம் கலைந்து மறுபடி தேர்தல் வந்தது.

இந்த முதல் விழுகையில் குறை சொல்ல அதிகம் இல்லை. தமிழர் கட்சி தன் வாக்காளரிடம் சொன்னதைச் செய்தது. தோழமைக் கட்சி வெளியேறினால் அது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அதற்குத் தலைவர் இருக்கிறார், கோரிக்கை இருக்கிறது, பேச்சு நடத்த முடியும். அடுத்து வந்த இரண்டும் வேறு வகை.

1954 தேர்தலில் 117 இடங்கள். காங்கிரஸ் 45, கம்யூனிஸ்ட் கட்சி 23, பிரஜா சோஷலிஸ்ட் கட்சி 19, தமிழ்நாடு காங்கிரஸ் 12, புரட்சி சோஷலிஸ்ட் கட்சி 9, மற்றவர்கள் 9. இந்தக் கணக்கில் யார் ஆட்சி அமைத்தார்கள் தெரியுமா? 19 இடம் பெற்ற பிரஜா சோஷலிஸ்ட் கட்சி. கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்துவிடக் கூடாது என்ற கவலையில் காங்கிரஸ் வெளியிலிருந்து ஆதரவு தர, 1954 மார்ச்சில் பட்டம் தாணு பிள்ளை மறுபடியும் அரசின் தலைவரானார். அப்போது இந்தியாவிலேயே அந்தக் கட்சி நடத்திய ஒரே மாநில அரசு அதுதான். ஆறில் ஒரு பங்கு இடம் மட்டுமே உள்ள கட்சி, தன்னை விட இரண்டு மடங்கு பெரிய கட்சியின் தயவில் ஆண்டது. தன் கொள்கைப்படி நடக்கவும் முடியாது, காங்கிரஸின் கொள்கைப்படி நடந்தால் தொண்டர்களிடம் முகம் காட்டவும் முடியாது.

அந்த ஆண்டு மலையில் கொதிப்பு. தேவிகுளம், பீர்மேடு தோட்டங்களில் வேலை செய்த தமிழர்கள் போலீசாலும் தொழிற்சங்கப் போட்டியாலும் அவதிப்பட்டார்கள். ஜூலையில் நேசமணி, அப்துல் ரசாக், சிதம்பரநாதன் ஆகியோர் மூணாறுக்கு வந்து தடையை மீறிக் கைதானார்கள். மதுரைச் சீமையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் கங்காணிகள் கூட்டிக்கொண்டு போன குடும்பங்கள் அங்கே இரண்டு மூன்று தலைமுறையாக இருந்தன. போடியிலிருந்து குரங்கணி வழியாக டாப் ஸ்டேஷனுக்கு நடந்து ஏறியவர்களின் பேரப் பிள்ளைகள் அவர்கள். தேயிலைச் செடியை நட்டு வளர்த்துக் கொழுந்து பறித்த அவர்களை 'வந்து போகும் கூட்டம்' என்று சொல்லி ஒதுக்கும் வாதம் அப்போதே எழுந்திருந்தது. நூறு வருடம் ஒரு நிலத்தில் உழைத்தவர்களை வந்தேறி என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை என்பது என் உறுதியான கருத்து.

1954 ஆகஸ்ட் 11 அன்று தமிழ்நாடு காங்கிரஸ் விடுதலை நாள் கொண்டாட அழைத்தது. தெற்கே மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் கூடிய மக்கள் மீது போலீஸ் சுட்டது. பலர் மாண்டார்கள். எத்தனை பேர் என்பதில் அரசுத் தரப்பும் தமிழர் தரப்பும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. சுட உத்தரவிட்ட அரசு எது? சோஷலிஸ்ட் அரசு. வெள்ளைக்காரன் காலத்தில் துப்பாக்கிச் சூட்டை எதிர்த்து வளர்ந்த கட்சியின் அரசு.

அப்போது அந்தக் கட்சியின் அகில இந்தியப் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா. உத்தரப் பிரதேசத்தில் விவசாயிகளின் கால்வாய்த் தண்ணீர் வரியை எதிர்த்துப் போராடியதற்காக நைனி சிறையில் இருந்தார். செய்தி கேட்டதும் சிறையிலிருந்தே தந்தி கொடுத்தார். விசாரணை நடத்த வேண்டும், அதற்கு முன் மந்திரிசபை பதவி விலக வேண்டும் என்றார். தன் கட்சிக்கு நாட்டில் இருந்த ஒரே அரசு அது. அதையே விட்டுவிடச் சொன்னார். ஆயுதம் ஏந்தாத மக்களைச் சுட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அரசு சோஷலிஸ்ட் அரசாக இருக்க முடியாது என்பது அவர் நிலை.

பட்டம் மறுத்தார். கட்சியின் மேல்மட்டத்தில் பலர் அவர் பக்கம் நின்றார்கள். லோகியா பொதுச் செயலாளர் பதவியை விட்டார். நவம்பரில் நாகபுரியில் கட்சி இதற்கென்றே சிறப்பு மாநாடு கூட்டியது. கடுமையான விவாதத்துக்குப் பிறகு, மந்திரிசபை விலகத் தேவையில்லை என்ற பக்கமே வென்றது. ஆனால் கட்சி அன்றே உள்ளுக்குள் பிளந்துவிட்டது. அடுத்த ஆண்டு லோகியாவும் அவரோடு நின்ற மது லிமயேயும் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானார்கள். 1955 முடியும் வேளையில் ஹைதராபாத்தில் லோகியாவின் தலைமையில் தனிச் சோஷலிஸ்ட் கட்சி உருவானது.

கட்சிக்குள் எழும் எதிர்ப்பெல்லாம் ஒன்றல்ல என்பதற்கு லோகியாவைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அவர் ரகசியமாகக் கையெழுத்து வாங்கவில்லை. தனக்குப் பதவி கேட்கவில்லை. இருந்த பதவியையும் கொடுத்துவிட்டார். எதற்காக எதிர்க்கிறார் என்று நாடறியச் சொன்னார். அவர் கேட்டபடி பட்டம் 1954 ஆகஸ்டிலேயே விலகியிருந்தால், மாண்ட மக்களுக்காக விலகிய அரசு என்ற பெயராவது நின்றிருக்கும். அந்த எதிர்ப்பை நாகபுரியில் வாக்கெடுப்பால் தோற்கடித்து அரசைக் காப்பாற்றிக்கொண்டதாக நினைத்தார்கள். காப்பாற்றியது மூன்று மாதம். 1955 பிப்ரவரியில் காங்கிரஸ் ஆதரவை விலக்கிக்கொள்ள, பட்டம் மந்திரிசபை நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் கவிழ்ந்தது. மனசாட்சி கேட்ட விலையைத் தர மறுத்த கட்சி, கணக்கு கேட்ட விலையைக் கொடுக்க நேர்ந்தது. கட்சியும் போனது, ஆட்சியும் போனது.

பட்டம் அரசின் அந்தப் பதினோரு மாதத்தில் மலையில் நடந்த ஒன்று இன்றும் நம் கண்முன் நிற்கிறது. நெடுங்கண்டம் பக்கம் கல்லாறில் மலையாளக் குடும்பங்களுக்கு நிலம் கொடுத்துக் குடியமர்த்தும் திட்டம் தொடங்கியது. அந்த இடத்துக்குப் பட்டம் காலனி என்றே பெயர். கம்பம்மெட்டு ஏறி நெடுங்கண்டம் போகும் நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர்தான். உணவுப் பஞ்சத்தைப் போக்கத்தான் அந்தத் திட்டம் என்று அங்கே சொல்வார்கள். மலையில் மக்கள்தொகைக் கணக்கை மாற்றத்தான் என்று இங்கே சொல்வார்கள். குடியேறிய ஏழைக் குடும்பங்களைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. அவர்களும் யானைக்கும் மலேரியாவுக்கும் நடுவே பிழைத்தவர்கள். அரசுகள் நிற்காமல் போனாலும் அவை போட்ட உத்தரவுகள் நின்றன. அதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

அடுத்து பனம்பிள்ளி கோவிந்த மேனன். சட்டம் தெரிந்தவர், பேச்சு வன்மை உள்ளவர், கொச்சிக்காரர். 1955 பிப்ரவரியில் காங்கிரஸ் மந்திரிசபை அமைத்தார். அவருக்கு ஆதரவு தந்ததும் அதே தமிழ்நாடு காங்கிரஸ்தான். ஜானைக் கவிழ்த்த கட்சி பனம்பிள்ளியைத் தாங்கியது. கணக்கைப் பாருங்கள்: காங்கிரஸ் 45, தமிழ்நாடு காங்கிரஸ் 12, கூட்டினால் 57. அவையில் பாதியைத் தாண்ட 59 வேண்டும். மிச்சத்தைப் பிற உறுப்பினர்களின் ஆதரவு நிரப்பியது. இப்படிப்பட்ட அவையில் ஒவ்வொரு உறுப்பினரும் ஒரு கட்சிக்குச் சமம்.

இதற்கிடையே மாநிலங்கள் சீரமைப்புக் குழு வேலையை முடித்திருந்தது. ஃபசல் அலி தலைமையில் ஹிருதயநாத் குன்ஸ்ருவும் கே.எம். பணிக்கரும் உறுப்பினர்களாக இருந்த குழு அது. 1955 செப்டம்பர் இறுதியில் அறிக்கை தந்தது. அகத்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தென் வட்டங்களும் செங்கோட்டையும் சென்னைக்கு. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்கு. தேவிகுளத்தில் தமிழ் பேசுவோர் பெரும்பான்மை என்பது குழுவுக்குத் தெரியாததல்ல. தோட்டத் தொழிலாளர் நிலையான குடிகள் அல்லர் என்பதும், கேரளத்தின் பொருளாதாரத்துக்கு அந்த மலை தேவை என்பதும் எதிர்த்தட்டில் வைக்கப்பட்டன.

இந்த அறிக்கை பனம்பிள்ளி அரசின் இரண்டு கால்களையும் ஒரே நேரத்தில் பதம் பார்த்தது. தமிழ்நாடு காங்கிரஸுக்குப் பாதி வெற்றி, பாதி தோல்வி. மலையில் உள்ளவர்களுக்கு என்ன பதில் சொல்வது? மலையாளக் காங்கிரஸாருக்கோ தெற்கே நெல் விளையும் நாஞ்சில் நாடு கையை விட்டுப் போகிறது. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று பேர் பெற்ற நிலம் அது. டில்லியில் ஆள்வதும் காங்கிரஸ், திருவனந்தபுரத்தில் ஆள்வதும் காங்கிரஸ். டில்லி எடுக்கும் முடிவை முதலமைச்சர் எதிர்க்க முடியாது. அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களால் முடிந்தது.

1956 மார்ச்சில் காங்கிரஸ் சட்டமன்ற உறுப்பினர்கள் ஆறு பேர் கட்சியை விட்டு விலகினார்கள். சீரமைப்பு விவகாரத்தில் எழுந்த மனத்தாங்கல்தான் காரணமாகச் சொல்லப்பட்டது. ஆறு பேர்தான். 57இல் ஆறு போனால் 51. பனம்பிள்ளி பதவி விலகினார். மார்ச் 23 அன்று குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது.

தோழமைக் கட்சி போவதற்கும் சொந்தக் கட்சிக்காரர் போவதற்கும் உள்ள வேறுபாட்டை இங்கே சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு பேர் கொண்ட தோழமைக் கட்சிக்குத் தனி வரிசை, தனித் தலைவர், தனிக் கோரிக்கை. அவரைக் கூப்பிட்டுப் பேசலாம், ஒரு துறையைக் கொடுக்கலாம், இல்லையென்றால் பிரிவை எதிர்பார்த்துத் தயாராகலாம். முதலமைச்சருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆறு பேருக்குத் தலைவரே இல்லை. ஆளுக்கொரு காரணம் இருக்கலாம்: ஒருவருக்கு எல்லைப் பிரச்சினை, ஒருவருக்குத் தொகுதி, ஒருவருக்குக் கிடைக்காத பதவி. ஒருவருக்குக் கொடுத்தால் கொடுக்காத பத்துப் பேர் முறைப்பார்கள். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. தன் கட்சிக்குள் யார் யார் மனம் கசந்திருக்கிறார்கள் என்பது முதலமைச்சருக்குத் தெரிவதற்கு முன் எதிர்க்கட்சிக்குத் தெரிந்துவிடும். கூட்டணியில் தோழமைக் கட்சிக்கும் தெரிந்துவிடும். முதலமைச்சர் தன் ஆட்களையே நம்பவில்லை என்று தெரிந்த தோழமைக் கட்சி தன் விலையை ஏற்றும். அதைக் கொடுத்தால் உள்ளே கசப்பு மேலும் ஏறும். கூட்டணி அரசை வெளியே இருப்பவர் தள்ள வேண்டியதே இல்லை; கூட்டாளிகளில் ஒருவர் தன் வீட்டை ஆளத் தவறினால் போதும்.

அந்த ஆறு பேருக்கும் அன்று எந்தத் தண்டனையும் இல்லை. கட்சி தாவினால் பதவி பறிபோகும் என்ற சட்டம் 1985இல்தான் வந்தது. அரசியலமைப்பின் 52ஆவது திருத்தம், பத்தாவது அட்டவணை. அதன் கூர்மையை நம் மாவட்டமே கண்டது. 2017 ஆகஸ்டில் எடப்பாடி பழனிசாமி அரசுக்கு எதிராக அ.தி.மு.க. உறுப்பினர்கள் 19 பேர் ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். ஆண்டிபட்டி, பெரியகுளம், கம்பம் ஆகிய மூன்று தொகுதிகளின் உறுப்பினர்களும் அதில் இருந்தார்கள். அனுமந்தன்பட்டியும் அடங்கிய கம்பம் தொகுதியின் எஸ்.டி.கே. ஜக்கையன் மட்டும் திரும்பி வந்தார், பதவி தப்பியது. மற்ற 18 பேரையும் செப்டம்பர் 18 அன்று பேரவைத் தலைவர் தகுதி நீக்கம் செய்தார். ஆண்டிபட்டியும் பெரியகுளமும் 2019 மே வரை உறுப்பினர் இல்லாமல் கிடந்தன. அது தனிக்கட்சி அரசு, கூட்டணி அரசு அல்ல. ஆனாலும் 1956க்கும் 2017க்கும் நடுவே மாறியது என்ன என்பது தெளிவு: அன்று எதிர்த்தவர் அரசை இழக்கச் செய்தார், இன்று எதிர்ப்பவர் தன் இடத்தை இழக்கிறார். இந்தச் சட்டம் விலைக்குப் போகிறவரை மட்டும் தடுத்தால் நல்லது. லோகியாவைப் போல எதிர்க்க நினைக்கும் உறுப்பினரின் வாயையும் அது கட்டிவிடுகிறது. இரண்டையும் பிரித்தறியாத சட்டத்தை நான் முழுமனதோடு ஏற்க முடியவில்லை.

லோகியாவோடு 1955இல் வெளியேறிய மது லிமயேயை மறுபடி 1979இல் பார்க்கிறோம். நெருக்கடி நிலைக்குப் பின் ஐந்து கட்சிகள் கரைந்து உருவான ஜனதா கட்சி அப்போது டில்லியில் ஆண்டது. பேருக்கு ஒரே கட்சி, உள்ளே கூட்டணி. ஜனதாவில் இருந்துகொண்டே ஆர்.எஸ்.எஸ்.ஸிலும் இருக்கலாமா என்ற இரட்டை உறுப்பினர் கேள்வியை மது லிமயே எழுப்பினார். ராஜ் நாராயணும் சரண் சிங்கும் வெளியேற, அந்த ஜூலையில் மொரார்ஜி தேசாய் விலகினார். அடுத்து வந்த சரண் சிங் அரசில்தான் அ.தி.மு.க.வின் சத்தியவாணி முத்துவும் பாலா பழனூரும் மத்திய அமைச்சர்களானார்கள். திராவிடக் கட்சி ஒன்று மத்திய அமைச்சரவையில் இடம் பெற்றது அதுவே முதல் முறை. நாடாளுமன்றத்தைச் சந்திக்காமலேயே ஆகஸ்ட் 20 அன்று அந்த அரசும் விலகியது. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் வெடித்த துப்பாக்கியால் பிளந்த சோஷலிஸ்டுகளின் வழக்கு கால் நூற்றாண்டு கழித்து டில்லி வரை போனது என்று சொன்னால் மிகையில்லை.

மலைக்குத் திரும்புவோம். மாநிலங்கள் சீரமைப்புச் சட்டம் 1956 ஆகஸ்ட் 31 அன்று சட்டமானபோது திருவனந்தபுரத்தில் மந்திரிசபையே இல்லை. நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் நமக்கு வந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. மந்திரிசபை நிலைத்திருந்தால் எல்லை மாறியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. குழுவின் அறிக்கை ஏற்கெனவே வந்துவிட்டது. ஆனால் எல்லை எங்கே போனாலும் அங்கே வாழும் தொழிலாளிக்கு மொழி, பள்ளிக்கூடம், நில உரிமை இவற்றில் என்ன பாதுகாப்பு என்று ஒப்பந்தம் பேச ஓர் அரசு இருந்திருக்கும். இரண்டரை ஆண்டும் தேவிகுளத்துத் தமிழரின் பேரைச் சொல்லித்தான் அரசுகள் எழுந்தன, விழுந்தன. அவர்கள் குடியிருந்த லயத்துக்கு அந்த அரசுகளால் ஒன்றும் வந்து சேரவில்லை. தமிழ்நாடு காங்கிரஸும் தென் வட்டங்கள் கிடைத்தபின் தன் வேலை முடிந்தது என்று தாய்க் கட்சியில் கரைந்துபோனது. மலைத் தமிழருக்கு அதன் பிறகு அப்படி ஒரு கட்சி அமையவில்லை.

1957 ஏப்ரல் 5 அன்று ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் கம்யூனிஸ்ட் அரசு வந்தது. 126 இடங்களில் கட்சிக்கு 60, ஆதரவு தந்த சுயேச்சைகள் 5. மறுபடியும் நூலிழைப் பெரும்பான்மை. அடுத்த ஆண்டே தேவிகுளத்தில் இடைத்தேர்தல். அந்த ஓர் இடம் போனால் அரசு ஆட்டம் காணும். வாக்காளர் தமிழர். வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகத் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாடியவர் நம் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன், இளையராஜாவின் அண்ணன். ரோசம்மா வென்றார். அந்த வெற்றியில் பாவலரின் பாட்டுக்குப் பெரும் பங்கு இருந்தது என்பதை ஈ.எம்.எஸ். அங்கீகரித்தார். வந்து போகும் கூட்டம் என்று எல்லைக் கணக்கில் தள்ளப்பட்ட அதே மக்களின் வாக்குதான் இரண்டே ஆண்டில் ஓர் அரசுக்கு உயிராதாரமானது.

இந்தக் கதை அதோடும் முடியவில்லை. 1964 செப்டம்பர் 8 அன்று ஆர். சங்கரின் காங்கிரஸ் அரசை அந்தக் கட்சியின் 15 பேர் எதிர்த்து வாக்களித்து வீழ்த்தினார்கள். அவர்கள் தொடங்கிய கேரள காங்கிரஸ் பின்னாளில் மலைத் தோட்டங்களின் அரசியலையே மாற்றியது. அதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். 1954இல் மூணாறிலோ தேவிகுளத்திலோ பீர்மேட்டிலோ வேலை செய்து பின்னால் அனுமந்தன்பட்டிக்கும் கோம்பைக்கும் போடிக்கும் சின்னமனூருக்கும் திரும்பிய குடும்பங்கள் பள்ளத்தாக்கு முழுவதும் இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய தோட்டச் சம்பளச் சீட்டோ, தொழிற்சங்கச் சந்தா ரசீதோ, அந்த ஆண்டுகளில் மலையிலிருந்து வந்த கடிதமோ இருந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அந்தக் காலத்தை நேரில் கண்ட பெரியவர்கள் இன்று மிகச் சிலரே இருக்கிறார்கள்; அவர்கள் சொல்வதை இப்போதே எழுதி வையுங்கள். மந்திரிகளின் பேச்சு சட்டமன்றக் குறிப்புகளில் இருக்கிறது. லயத்தில் இருந்தவர்கள் அந்த நாட்களை எப்படிக் கழித்தார்கள் என்பதை நீங்கள்தான் எழுதித் தர வேண்டும்.

(தொடரும்)